ஊசி வேலை செய்யுமா என்று மைனி கேட்டாள்

புனேயில் ஓர் ஆய்வகத்தில் பதினோரு வருடங்களாக வேலை செய்கிறேன். சினைப்பைப் புற்றுநோய் செல்களைக் குடுவைகளில் வளர்த்து, அவற்றுக்கு மருந்து கொடுத்து, எவை சாகின்றன, எவை சாகாமல் நிற்கின்றன என்று பார்ப்பது என் வேலை. வெளியே யாராவது கேட்டால் "கேன்சர் ரிசர்ச்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்டவர்கள் முகத்தில் உடனே ஒரு மரியாதை வரும். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் மனைவியை எங்கள் வீட்டில் மைனி என்று கூப்பிடுவோம். மைனி பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் விமானப்படையில் எந்திரப் பிரிவில் இருந்தான். ஓய்வு பெற்ற பிறகு ஹடப்சரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. லோஹேகாவில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் விமான் நகரில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூவரும் அவர்கள் வீட்டில் சாப்பிடுவது வழக்கம்.

மைனி கேம்ப் பக்கத்துத் தமிழ் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தாள். இருபத்தாறு வருடம் வாசித்தாள். சம்பளம் கிடையாது, அவள் கேட்டதும் கிடையாது. வீட்டிலும் ஒரு பழைய கீபோர்டு உண்டு. விமானம் தாழப் பறக்கும் வீடு அது. சத்தம் கடந்துபோகும்வரை விரல்களைக் கட்டைகள்மேல் அப்படியே வைத்திருந்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

ஒரு ஜூலை மாதம், சாப்பாட்டு மேசையில், மைனி இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்ன மைனி, அவ்வளவுதானா?"

"என்னமோ தெரியல பிள்ள. ரெண்டு வாய் வச்சா வயிறு நிறைஞ்சு போகுது. கும்முனு இருக்கு. பாவாடை நாடாகூட இறுக்குது."

"கேஸா இருக்கும். ஜீரகத் தண்ணி குடிங்க. காலைல வெறும் வயித்துல ஒரு ஆசிடிட்டி மாத்திரை போடுங்க."

சொன்னது நான்தான். கொஞ்சமாகச் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, உப்புசம், இடுப்பில் ஆடை இறுகுவது. இந்த நோயின் ஆரம்ப அறிகுறிகளைப் பட்டியலிட்டு எங்கள் ஆய்வக வாசலிலேயே ஒரு சுவரொட்டி இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போவேன். ஆனால் அந்த நோய் எனக்குக் குடுவைக்குள் இருக்கிற ஒன்று. எதிரே உட்கார்ந்து ரசத்தைத் தள்ளி வைத்தவளோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. மைனியும் நான் சொன்னதை நம்பி அக்டோபர் வரை ஜீரகத் தண்ணீர் குடித்தாள்.

அக்டோபரில் வயிறு வெளியே தெரியும்படி வீங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்தார்கள். வயிறு முழுக்க நீர், இரண்டு சினைப்பைகளிலும் கட்டி. பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மருந்துகள் சேர்ந்த கீமோ, ஆறு தடவை. முடி கொட்டியது. விரல் நுனிகள் மரத்துப்போயின. கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, "பஞ்சு மேல வாசிக்கிற மாதிரி இருக்கு" என்பாள். ஆனாலும் உட்காருவாள்.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் வரும். நோயின் அளவை ஓரளவு காட்டும் எண். ஒவ்வொரு முறையும் அது இறங்கிக்கொண்டே வந்து, ஏப்ரல் முதல் வாரத்தில் சாதாரண அளவுக்குள் வந்துவிட்டது. மைனி ஆலயத்தில் எழுந்து நின்று, தலையில் கட்டிய ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு, எல்லோர் முன்னாலும் ஸ்தோத்திரம் சொன்னாள். பக்கத்தில் நின்ற அண்ணன் அழுதான். நானும் அழுதேன். அன்றைக்கு எனக்குக் குடுவையில் சாகாமல் நிற்பவை ஞாபகமே வரவில்லை.

ஜூலைக்குள் விரல்களுக்கு உணர்வு திரும்பிவிட்டது. ஒரு நாள் போன் செய்து, "ஏ பிள்ள, இந்தா கேளு" என்று சொல்லிவிட்டு, போனைக் கீழே வைத்து ஒரு முழுக் கீர்த்தனையை வாசித்துக் காட்டினாள். தப்பே இல்லை. முடித்ததும், "கருப்புக் கட்டையோட ஓரம் வரைக்கும் தெரியுது இப்ப" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் அந்த எண் ஏறியது. இரண்டு வாரம் கழித்து எடுத்ததில் இன்னும் ஏறியிருந்தது. ஸ்கேனில் கல்லீரல் பக்கம் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. டாக்டர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து விளக்கினார். கீமோ முடித்து ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பினால், முதலில் கொடுத்த முக்கியமான மருந்தை அது எதிர்க்கிறது என்று அர்த்தம். அதையே திரும்பக் கொடுப்பதில் பலன் இருக்காது. இரண்டாவது மருந்தை மட்டும் வாரம் ஒரு ஊசியாகக் கொடுத்துப் பார்க்கலாம். விரல் மரப்பது மறுபடி வரும், இந்தத் தடவை கூடுதலாகவும் வரலாம். யோசித்து அடுத்த வாரம் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்தான். "ரெஸிஸ்டன்ஸ்னு சொன்னாரே. கொசுவத்திக்கு கொசு பழகிப்போற மாதிரியா?"

"கிட்டத்தட்ட" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மைனி எழுந்து நடந்தாள். ரிக்‌ஷாவில் ஏறிய பிறகு மைனி பேசினாள். "நீ அதத்தானே வளக்க? உன் லேப்ல? எனக்குக் காமி."

மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி ஒரு சனிக்கிழமை மைனியைக் கூட்டிப்போனேன். அன்று காலையில் அண்ணன் போனில் அழைத்தான். "அவ எதாவது கேப்பா. நல்லதா சொல்லு. அவ உன்னத்தான் நம்புதா."

காலணிக்கு மேல் உறை மாட்டி, பெரிய வெள்ளை கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு மைனி மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தாள். இரண்டு குடுவைகளைக் காட்டினேன். இரண்டிலும் ஒரே வகை செல்கள்தான். இரண்டுக்கும் மூன்று நாளைக்கு முன் ஒரே அளவு மருந்து கொடுத்திருந்தேன். முதல் குடுவையில் செல்கள் உருண்டு, பிடிவிட்டு, நீரில் மிதந்தன. இரண்டாவதில் எல்லாம் தரையோடு ஒட்டி, நெருக்கமாக, நன்றாக இருந்தன.

"இது எப்படி நல்லா இருக்கு?"

"இத எட்டு மாசமா நான் தயார் பண்ணினேன் மைனி. முதல்ல ரொம்பக் கொஞ்சமா மருந்து. நிறைய செத்துப்போகும். மிஞ்சினது வளர்ற வரைக்கும் காத்திருப்பேன். அப்புறம் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பேன்."

"பழக்குத."

"பழகுறதும் உண்டு. ஆனா சிலது முதல்லயே வேற மாதிரி இருக்கும். மருந்து உள்ள போனா வெளிய தள்ளிரும். மருந்து வெட்டின இடத்த ஒட்டிச் சரிபண்ணிக்கும். மத்ததெல்லாம் சாகும்போது அதுக்கு இடம் கிடைச்சிரும்."

மைனி கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அப்ப எனக்கும் முதல் நாளே இருந்திருக்கும்?"

"இருந்திருக்கலாம்."

"நான் எந்திரிச்சு ஸ்தோத்திரம் சொன்னேன்லா, அன்னைக்கும் இருந்திச்சு."

நான் குடுவையை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தேன்.

"இது யாரோடது?" என்றாள்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு அம்மாவோடது. பேரெல்லாம் தெரியாது. ஒரு நம்பர்தான்."

"அந்தம்மாட்ட கேட்டு எடுத்தாங்களா?"

தெரியாது என்றேன். அந்தச் செல்களோடு அத்தனை வருடம் இருந்தும் அதை நான் தேடிப் பார்த்ததில்லை.

பிறகு கேன்டீனில் உட்கார்ந்து சாய் குடித்தோம். மழை விட்டிருந்தது. எங்கேயோ பக்கத்தில் கணபதி ஊர்வலத்துக்காக டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். மைனி கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"இந்த வாராவாரம் போடுத ஊசி வேலை செய்யுமா? உள்ளத சொல்லு. என்னத்துக்குக் கேக்கேன்னா, விரல் போயிரும்னு சொல்லுதாங்க. இப்பத்தான் வந்திருக்கு. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நாலு புதுப்பாட்டு எடுத்து வச்சிருக்கேன். போடாம இருந்தா மூணு மாசம் வாசிச்சிருவேன்லா? போட்டா எவ்வளவு கூட இருப்பேன்? உனக்குத் தெரியும். உங்க அண்ணன் சொல்ல மாட்டாவ. டாக்டர் சுத்திச் சுத்திப் பேசுதாரு. நீ சொல்லு."

எனக்குத் தெரிந்தது இதுதான். இந்த நிலையில் அந்த ஊசி சிலருக்கு வேலை செய்யும். அந்தச் சிலர் மிகக் குறைவு. வேலை செய்தாலும் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். ஊசி வேண்டாம், வலிக்கும் வயிற்று நீருக்கும் மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அது முட்டாள்தனமே அல்ல. இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில், அவளுக்குப் புரிகிற தமிழில் சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் கேட்டாள்.

"செய்யும் மைனி" என்றேன். "அது வேற மாதிரி வேலை செய்ற மருந்து. வாராவாரம் குடுக்கும்போது நல்லாவே கேக்கும். விரல் போன தடவை வந்த மாதிரி திரும்ப வந்துரும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அண்ணன் சொன்னதற்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. அவன் அழைக்காமல் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்தக் கேன்டீனில், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, "குறைவுதான் மைனி" என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அங்கேயே உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

"சலேகா" என்றாள் மைனி. சரி, போகட்டும் என்பதை அவள் இந்தியில் அப்படித்தான் சொல்வாள். "நீ சொன்னா சரி."

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊசி ஆரம்பித்தது. ஐந்தாவது ஊசிக்குள் விரல்கள் போய்விட்டன. இந்தத் தடவை நுனி மட்டும் இல்லை, உள்ளங்கை வரைக்கும் வந்தது. டம்ளர் கைநழுவும். ஜாக்கெட் ஊக்கை அண்ணன் மாட்டிவிட வேண்டியிருந்தது. அடுப்பில் இருந்த வாணலியைத் தொட்டுவிட்டு, தோல் கொப்புளித்த பிறகே பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நான் "ஊசி முடியட்டும், வந்துரும்" என்றேன். பொய்யை ஒருமுறை சொன்னால் போதாது, வாராவாரம் சொல்ல வேண்டியிருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, இரண்டாவது பாட்டின் நடுவில் மைனியின் விரல் ஒரே நேரத்தில் இரண்டு கட்டைகளில் விழுந்தது. அவளுக்கு அது தெரியவில்லை, காதில் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். சபை பாடிக்கொண்டே இருந்தது. மைனி கையை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கால்பலகையை மட்டும் மிதித்தாள். அது முடிந்ததும் கொயரில் இருந்த ஒரு கல்லூரிப் பெண்ணைக் கூப்பிட்டு, மீதிப் பாட்டுகளை வாசிக்கச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிடித்தது அவளுக்குத் தெரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் எடுத்த ஸ்கேனில் எல்லாமே பெரிதாகியிருந்தன. டாக்டர் மூன்றாவதாக ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். மைனி அவரைப் பேசி முடிக்க விட்டுவிட்டு, "பஸ், டாக்டர் சாப். ஹோ கயா" என்றாள். போதும், முடிந்தது என்று. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்த பிறகு, அண்ணன் மருந்துக்கடைக்குப் போயிருந்தபோது, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அன்னைக்குக் கேட்டேன்லா. உனக்கு அப்பவே தெரியுமா?"

இன்னொரு பொய் சொல்வதற்கு வாய்ப்பிருந்தது. "தெரியும் மைனி" என்றேன்.

மேலே ஒரு விமானம் போயிற்று.

"நீ சொல்லியிருந்தாலும் ஊசி போட்டிருப்பேனோ என்னமோ" என்றாள் பிறகு. "பயத்துல போட்டும் இருப்பேன். ஆனா அது நான் எடுத்த முடிவா இருந்திருக்கும். என் கை. என் மூணு மாசம். நீங்க ரெண்டு பேருமா சேந்து எடுத்துக்கிட்டிய."

"மைனி, நான்..."

"நீ வீட்டுக்குப் போ பிள்ள."

ஒரு மாதத்துக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. போன் செய்தால் அண்ணன் எடுத்து, "தூங்குதா" என்பான். ஞாயிற்றுக்கிழமை போனால் கதவு திறக்கும், சாப்பாடு இருக்கும், மைனி உள் அறையில் இருப்பாள். கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனைக்கு வீல்சேரில் வந்தாள். அவள் எடுத்து வைத்திருந்த நாலு பாட்டில் இரண்டைத்தான் பாடினார்கள். மற்ற இரண்டும் அந்தப் பெண்ணுக்குக் கடினமாக இருந்ததாம். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக வரிகளை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். மைனி கையிலும் ஒரு தாளைத் திணித்தார்கள். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழுக்கப் பாடினாள்.

ஜனவரியில் அவளே போன் செய்தாள். சமாதானம் பேசுவதற்கு இல்லை.

"வயித்துல இருந்து தண்ணி எடுக்காங்கல்லா. அதுல அந்த செல்லு இருக்கும்னு நீ சொல்லியிருக்க. உங்களுக்கு அது வேணுமா?"

எங்கள் ஆய்வகத்துக்கு அந்த மருத்துவமனையோடு அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. நோயாளியின் சம்மதம் வேண்டும், படிவங்கள் உண்டு. அவளுடைய மாதிரியில் நான் வேலை செய்ய முடியாது, என் சக ஊழியர் ஒருவர் பார்ப்பார். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அதனால் அவளுக்கு எந்தப் பலனும் கிடைக்காது என்றும் சொன்னேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை.

"அத நான் கேக்கவே இல்லையே" என்றாள். "படிவத்தக் கொண்டா."

மருத்துவமனை ஊழியர் ஒருவர் படிவத்தை மராத்தியில் படித்துக்காட்டினார். மைனி ஒவ்வொரு பக்கத்தையும் கவனமாகக் கேட்டாள். பேனா விரலில் நிற்கவில்லை. ஊழியர் பெருவிரல் ரேகை வைக்கலாம் என்றார். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்று சொல்லி, பேனாவை முஷ்டிக்குள் அழுத்திப் பிடித்து, தன் பெயரைத் தமிழில் எழுதினாள். மூன்று பக்கத்துக்கு நெடுநேரம் ஆயிற்று.

பிப்ரவரியில், ஒரு மத்தியான வேளையில், லோஹேகாவ் வீட்டிலேயே மைனி இறந்தாள். கடைசி நாட்களில் என்னோடு பேசினாள். தலையணையைத் தூக்கி வை, ஃபேனைக் குறை, அண்ணன் சாப்பிட்டாவளா பாரு. என்னை மன்னித்துவிட்டதாக எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சாகப்போகிறவளிடம் எனக்காக இன்னொன்றை வாங்கியது போலிருந்திருக்கும்.

மார்ச் மாதம் சக ஊழியர் என் மேசைக்கு வந்து, கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்த மாதிரி வளரவில்லை என்றார். முதல் இரண்டு வாரம் ஒட்டி நின்றனவாம். பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டனவாம். நேரடியாக நோயாளியிடமிருந்து எடுப்பவற்றில் நிறைய அப்படித்தான் ஆகும், எனக்கும் அது தெரியும். இரண்டு மருந்துகளைக் காட்டி மிரட்டியும் அவள் உடம்பை விட்டுப் போகாதவை, சுத்தமான தட்டில், நேரத்துக்கு உணவு கொடுத்தும் பிழைக்கவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

அண்ணனோடு இதையெல்லாம் பேச இன்னும் மூன்று மாதம் ஆயிற்று. அவன்தான் ஆரம்பித்தான்.

"வாராவார ஊசிக்கு முன்னாடியே டாக்டர் என்னத் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. ரொம்ப நம்ப வேண்டாம்னு. நான் உன்ட்டகூடச் சொல்லல. உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாம எப்படி இருக்கும்?"

"ஆமா" என்றான். "எப்படி இருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "நான்தானே உன்ன நல்லதா சொல்லச் சொன்னேன். உன் மேல தப்பில்ல" என்றான்.

"இருக்கு" என்றேன். அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

போன மாதம் ஆலயத்தில் ஒரு பெண் என்னைத் தனியாக அழைத்தாள். அவளுடைய அக்காவுக்கு இதே நோய், கீமோ முடிந்து நாலாவது மாதத்தில் திரும்பியிருக்கிறது. ரிப்போர்ட்டுகளைப் போனில் காட்டி, "இந்த ரெண்டாவது மருந்து கேக்குமா? அக்காதான் உங்கட்ட கேட்டுட்டு வரச் சொன்னா" என்றாள். நான் டாக்டர் இல்லை, அவரிடமே நேராகக் கேளுங்கள் என்று முதலில் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்ததை உள்ளபடி சொன்னேன். சிலருக்குக் கேட்கும், அந்தச் சிலர் குறைவு, மருந்து எடுப்பதா வேண்டாமா என்பதை உங்கள் அக்காவே முடிவு செய்யட்டும், அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும் என்றேன். முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் முகம் இறுகிவிட்டது. "ஆறுதலா ரெண்டு வார்த்த சொல்லுவீங்கன்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான் சொன்னதை அவள் அக்காவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாளா, இல்லையா, எனக்குத் தெரியாது.